கண்காணி, அத்தியட்சர், ஆயர்: திருச்சபைத் தலைவரைத் தெரிதல் பற்றிய தமிழ்ச் சொற்களின் வரலாறு

1. சிக்கல்

புணே நகரை அடுத்த போசரித் தொழிற்பேட்டைப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஓராண்டு ஒரு சுற்றறிக்கையைத் தமிழாக்கித் தருமாறு கேட்கப்பட்டேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். புதிய பிஷப் ஒருவரைத் தேடிக் கண்டறியும் பணி தொடங்கவிருக்கிறது, அதற்காக அனைவரும் மன்றாட வேண்டும் என்பது அதன் பொருள். எளிய பணி என்றெண்ணி ஒரு மாலையில் முடித்து, 'பேராயர் தேர்தல்' எனத் தலைப்பிட்டுக் கொடுத்தேன். சபை மூப்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “சார், தேர்தல்னு போட்டா வார்டு எலெக்ஷன் மாதிரி ஆயிடும். நாங்க ஓட்டு கேட்கப் போகல” என்றார். 'நியமனம்' என்று மாற்றலாமா என்றேன். “அப்ப எங்களுக்கு இதுல என்ன வேலை?” என்று உடனே கேட்டார். அருகிலிருந்த கத்தோலிக்க நண்பருக்கோ வேறு ஐயம். ஒரு பேராயரைத் தேட வேண்டுமானால் அவருக்குக் கீழுள்ள ஆயர்கள் யாவர் என்று அவர் வினவினார்.

மூவர் கூற்றும் மொழியியல் நோக்கில் சரியானவையே. ஒரு பதவியின் பெயரும், அப்பதவிக்கு ஒருவர் வந்து சேரும் முறையைக் குறிக்கும் வினையும், அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்பது பற்றிய ஒரு கோட்பாட்டைத் தம்முள் அடக்கியுள்ளன. மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல்லைத் தெரிந்தெடுக்கும்போது, தன்னை அறியாமலே அக்கோட்பாட்டு வழக்கில் ஒரு கட்சியைச் சார்ந்துவிடுகிறான். தமிழில் இச்சொற்கள் அடைந்த வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

2. பதவிப் பெயர்கள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'எபிஸ்கொபோஸ்' என்பது. 'எபி' என்பது மேல்; 'ஸ்கொபோஸ்' என்பது நோக்குபவன். இச்சொல் சமயத் துறையில் பிறந்ததன்று. கிரேக்க நகரங்களின் மேற்பார்வை அலுவலரைக் குறித்த ஆட்சிச் சொல். இலத்தீன் வழியாகவும் செர்மானிய மொழிகள் வழியாகவும் தேய்ந்து 'பிஷப்' ஆயிற்று.

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் இதற்கு இட்ட சொல் 'கண்காணி'. ஹென்றி பவரைத் தலைவராகக் கொண்ட குழுவினரின் ஐக்கிய மொழிபெயர்ப்பில் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதப்பட்ட நிருபங்களிலும், பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்திலும் இச்சொல்லே நிற்கிறது. உறுப்புக்கு உறுப்பு பொருந்தும் மொழிபெயர்ப்பு எனலாம்: கண்ணால் காண்பவன். சொல்லும் புதிதன்று. சோழர் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்ப்போரைக் குறிக்க 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார்' என்னும் தொடர் மீண்டும் மீண்டும் பயில்கிறது. கோயில் மேற்பார்வைச் சொல்லொன்று சபை மேற்பார்வைக்கு வந்தது. பொருத்தத்தில் குறை காண இயலாது.

ஆயினும் நூலுள் நின்ற அச்சொல் சபைக்குள் பதவிப் பெயராக வேரூன்றவில்லை. 'கண்காணி கால்டுவெல்' என்று எவரும் சொன்னதாகத் தெரியவில்லை. இதற்குக் காரணம் ஒன்று மொழிக்கு வெளியே கிடைக்கிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பு உருவாகிய அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் ஊர்தோறும் ஆள் திரட்டிச் சென்றவனும், அவர்களை வேலை வாங்கியவனும் 'கண்காணி' என்றே அழைக்கப்பட்டான். முன்பணமும் கடனும் பிரம்பும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டன. ஆங்கில அகராதிகளிலும் அப்பொருளிலேயே அது ஏறியது. தோட்டத்திற்கு உறவினரை அனுப்பிய ஒரு சிற்றூர்ச் சபையில் இச்சொல்லைத் தங்கள் ஆன்மிகத் தலைவர்க்கு வழங்கியிருப்பார்கள் என எதிர்பார்ப்பது கடினம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' இதனைச் 'சபைக் கண்காணிப்பாளர்' என விரித்தது. மின்வாரியக் கண்காணிப்புப் பொறியாளரை நினைவூட்டினாலும், பிரம்பை நினைவூட்டவில்லை என்பதால் இது முன்னேற்றமே.

ஆங்கிலிக்கன் மரபினர் பதவிப் பெயராகக் கைக்கொண்டது 'அத்தியட்சர்'. வடமொழி 'அத்யட்ச' என்பதன் தமிழ் வடிவம் இது. 'அதி' என்பது மேல்; 'அக்ஷ' என்பது கண். எபிஸ்கொபோஸ், கண்காணி, அத்தியட்சர் ஆகிய மூன்றும் மூன்று மொழிகளில் ஒரே உருவகத்தால் ஆனவை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. கௌடில்யரின் அர்த்தசாத்திரத்தில் இரண்டாம் பகுதி முழுவதும் பல்வேறு துறை அத்தியட்சர்களின் கடமைகளைக் கூறுவது. ஆக இதுவும் அரசலுவலர் பெயரே. ஆனால் வடமொழிச் சொல்லாதலின் ஊர்ப்புறத்தில் வேறு பொருளால் மாசுபடவில்லை. தொலைவு அதற்குத் தூய்மை தந்தது. திருநெல்வேலிப் பகுதியில் நெடுங்காலம் வழங்கிய 'அத்தியட்சாதீனம்' என்னும் சொல்லும் இதன் வழிப் பிறந்ததே.

கத்தோலிக்கர் மரபு வேறு. அவர்களிடையே பழைய சொல் 'மேற்றிராணியார்'. இது கிரேக்க 'மெத்ரொபொலிதேஸ்' சிரிய மொழியில் சுருங்கி, மலையாளத்தில் 'மெத்ரான்' ஆகித் தமிழுக்கு வந்தது. வந்த சொல்லின் தலையில் 'மேல்' என்னும் பொருளைத் தமிழ்க் காது கேட்டுக்கொண்டது போலும். 'மேற்றிராசனம்' என்னும் வடிவில் 'ஆசனம்' தெளிவாகவே கேட்கிறது. இலத்தீனில் பிஷப்பின் ஆட்சியிடத்தை இருக்கை என வழங்கும் மரபோடு இது ஒத்துப்போகிறது. இருபதாம் நூற்றாண்டின் தனித்தமிழ் உணர்வும், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் வழிபாடு தமிழுக்கு மாறியதும் சேர்ந்து மேற்றிராணியாரை 'ஆயர்' ஆக்கின. அதிமேற்றிராணியார் 'பேராயர்' ஆனார். மேற்றிராசனம் 'மறைமாவட்டம்' ஆயிற்று.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தென்னிந்தியத் திருச்சபையினரும் லுத்தரன் சபையினரும் 'ஆயர்' என்பதைச் சபைக் குருவுக்கும், 'பேராயர்' என்பதைப் பிஷப்புக்கும் வழங்குகின்றனர். ஒரே சொல் ஒரு சபையில் ஒரு படி, மறு சபையில் அடுத்த படி. போசரி நண்பரின் ஐயம் இதிலிருந்து எழுந்தது. செய்தி இதழ்கள் இவ்வேறுபாட்டை நோக்காது எழுதுவதால் சென்னையில் உள்ள இரு தலைவர்களும் பேராயர் எனப்படுகின்றனர். ஒருவர் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத் தலைவர், மற்றவர் தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு பேராயத்தின் தலைவர். 'பேராயம்' என்பதும் கவனத்திற்குரியது. சிலப்பதிகாரம் கூறும் எண்பேராயத்தில் உள்ள 'ஆயம்' கூட்டத்தைக் குறிப்பது. 'ஆயர்' என்பதோ ஆ என்னும் பசுவின் அடியாகப் பிறந்தது. வேர் வேறான இரு சொற்கள் ஒலி ஒப்புமையால் ஒரு குடும்பம் போல் தோன்றுகின்றன. இன்னொன்று: விவிலியத்து மேய்ப்பன் ஆடு மேய்ப்பவன். கலித்தொகை மரபில் ஆட்டிடையரைப் புல்லினத்தாயர் என்றும், பசு மேய்ப்போரைக் கோவினத்தாயர் என்றும் பிரித்து வழங்குவர். அந்த நுட்பத்தை இன்று யாரும் வேண்டப் போவதில்லை.

3. நியமனம்

மொழியியலாளர் நன்கறிந்த பிஷப் ஒருவர் உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட இராபர்ட் கால்டுவெல். அவர் பிஷப் ஆனது அதற்கு இருபத்தோராண்டுகள் கழித்து, 1877 மார்ச்சில் கல்கத்தாவில். எவ்வாறு ஆனார் என்பதை நம் துறையினர் கேட்பதில்லை.

இந்தியாவில் ஆங்கிலிக்கன் பிஷப் பதவி 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின் விளைவு. கல்கத்தாவுக்கு 1814இலும் சென்னைக்கு 1835இலும் பிஷப்புகள் அமர்த்தப்பட்டனர். அமர்த்தியது பிரிட்டிஷ் முடியரசின் பட்டயம். சபையாரைக் கேட்கும் வழக்கமே இல்லை. சென்னை பிஷப்பின் ஆட்சிப்பகுதி திருநெல்வேலி வரை நீண்டது. அங்குச் சபைகள் விரைந்து பெருகியபோது மேற்பார்க்க ஒருவர் போதவில்லை. புதிய ஆட்சிப்பகுதி ஒன்றை உருவாக்குவதில் சட்டத் தடைகள் இருந்தமையால், சென்னை பிஷப்புக்குத் துணை பிஷப்புகளாக இருவர் ஒரே நாளில் திருநிலைப்படுத்தப்பட்டனர். ஒருவர் கால்டுவெல், நற்செய்திப் பரப்புச் சங்கத்தின் சபைகளுக்காக. மற்றவர் எட்வர்டு சார்ஜண்டு, திருச்சபை மறைப்பணிச் சங்கத்தின் சபைகளுக்காக. இரு சங்கங்களுக்கும் ஒவ்வொருவர் என்ற சமன்பாடே தெரிவின் அடிப்படை. இடையன்குடி மக்களோ பாளையங்கோட்டை மக்களோ இதில் கருத்துரைக்கும் இடம் ஏதுமில்லை. 1896இல் திருநெல்வேலி தனி ஆட்சிப்பகுதியாகிச் சாமுவேல் மார்லி அதன் முதல் பிஷப் ஆனபோதும் நிலை மாறவில்லை.

இதற்குப் பொருந்தும் தமிழ் வினை 'நியமித்தல்'தான். அக்கால எழுத்தில் 'ஏற்படுத்துதல்' என்பதும் வழங்கியது. பின்னதன் வரலாறு சுவையானது. அப்போஸ்தலர் நடபடிகள் பதினான்காம் அதிகாரத்தில் பவுலும் பர்னபாவும் சபைதோறும் மூப்பர்களை அமர்த்திய செய்தியைக் கூறும் கிரேக்க வினை 'கெய்ரொதொனெயின்'. சொற்பொருள் 'கையை நீட்டுதல்'. ஏதென்சு நகர அவையில் கையுயர்த்தி வாக்களிப்பதைக் குறித்த வினை இது. பின்னாளில் 'அமர்த்துதல்' எனப் பொதுப்பொருள் கொண்டது. கையுயர்த்தியவர் மக்களா, அப்போஸ்தலரா என்பதே பிஷப் ஆட்சி வேண்டுவோர்க்கும் சபையாட்சி வேண்டுவோர்க்கும் இடையே நூற்றாண்டுகளாக நடந்த வழக்கு. ஐக்கிய மொழிபெயர்ப்பு 'ஏற்படுத்தி' என்று முடித்துவிட்டது. இலக்கண நோக்கில் அது பிழையன்று, ஏனெனில் கிரேக்க வாக்கியத்தின் எழுவாய் அப்போஸ்தலர்களே. எனினும் அத்தமிழ்ச் சொல்லில் மக்களின் கை மறைந்துவிட்டது.

வே. ச. அசரியா 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் திருநிலைப்படுத்தப்பட்டு ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனதும் நியமனத்தாலேயே. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அவரைத் தெலுங்குப் பகுதியான தோர்ணக்கலுக்கு அனுப்பினர். சென்னை பிஷப் ஒயிட்ஹெட் அவருக்காக வாதாடினார். வெள்ளையரிடையிலும் இந்தியக் கிறித்தவரிடையிலும் எதிர்ப்பு இருந்தது. சபையாரின் வாக்குக்கு விட்டிருந்தால் 1912இல் அவர் தெரிவாகியிருப்பாரா என்பது ஐயமே. மேலிருந்து வரும் நியமனம் என்றும் பிற்போக்கானது, கீழிருந்து வரும் வாக்கு என்றும் முற்போக்கானது என்னும் எளிய கணக்கு இவ்விடத்தில் தவறுகிறது. கத்தோலிக்கரிடையே 1923இல் தூத்துக்குடியின் ஆயரான திபூர்சியுஸ் ரோச் நவீன காலத்தில் இலத்தீன் முறையின் முதல் இந்திய ஆயர்; அவரும் உரோமையின் நியமனமே.

4. தெரிவு

இந்தியாவின் ஆங்கிலிக்கன் சபை 1930இல் இங்கிலாந்து அரசின் பிணைப்பிலிருந்து சட்டப்படி விடுபட்டது. எனினும் பெரும் மாற்றம் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபோது வந்தது. இணைந்தவர்களில் மெதடிஸ்டுகளும் பிரெஸ்பிட்டீரியர்களும் காங்கிரிகேஷனல் சபையினரும் இருந்தனர். இறுதிப் பிரிவினர்க்குப் பிஷப் என்ற சொல்லே கசந்தது. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அமெரிக்க மறைப்பணியாளர் நட்ட சபைகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பிஷப் இன்றி நடந்தவை. அவர்கள் ஏற்கும்படியாக, பிஷப் பதவி யாப்புக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என இணைப்பு ஒப்பந்தம் வரையறுத்தது. அதாவது பிஷப்பின் அதிகாரம் எழுதிய சட்டத்தால் கட்டுண்டது. அவரைத் தெரிவதில் மக்களுக்கும் பங்குண்டு. மதுரை-இராமநாதபுரத்தின் முதல் பிஷப்பாக ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டீரியரான லெஸ்லி நியூபிகின் அமர்ந்தது இவ்விணக்கத்தின் விளைவு. யாழ்ப்பாணத்திற்குச் ச. குலேந்திரன். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதியவரும் இவரே. நம் துறைக்கு இவர் கால்டுவெல்லுக்கு அடுத்த பிஷப் எனலாம்.

அந்த யாப்பின்படி நடைமுறை இரு படிகளாக அமைகிறது. திருமண்டலப் பெருமன்றம் வாக்களித்துச் சில பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கும். சினாடு அப்பட்டியலிலிருந்து ஒருவரைத் தெரியும். பேச்சு வழக்கில் முதற்படிக்குப் 'பேனல்' என்றே பெயர். இதற்குத் தமிழ்ச் சொல் எதுவும் வேர்விடவில்லை. முதற்படியைத் 'தேர்தல்' எனலாம், இரண்டாவது 'தேர்வு'. முழுமைக்கும் ஒரு பெயரிட வேண்டுமாயின் எது? பெருமன்றத்தில் மிகுதியான வாக்குப் பெற்றவர் சினாட்டால் தெரியப்படாமற் போகவும் வழியுண்டு. அவ்வேளையில், தேர்தல் என்று பெயரிட்டவர்க்கு அது அநீதியாகவும், தெரிவு என்று பெயரிட்டவர்க்கு அது இயல்பாகவும் தோன்றும். திருச்சபைத் தேர்தல் வழக்குகள் அண்மை ஆண்டுகளில் உயர்நீதிமன்றம் வரை சென்றுள்ளன. நீதிமன்றத்தின் மொழியில் அவை தேர்தல்களே. அங்கு மன்றாட்டுக்கு வேறு பொருள்.

ஒப்பீட்டுக்காக அமெரிக்க எபிஸ்கொப்பல் சபையை நோக்கலாம். அங்கு முடியரசு இல்லை. விடுதலைப் போரின் முடிவில், 1783இல், கனெக்டிகட் குருக்கள் சாமுவேல் சீபரியைத் தாமே தெரிந்தனர். அரசனுக்கு விசுவாச உறுதிமொழி கொடுக்க இயலாத அவரை இங்கிலாந்து பிஷப்புகள் திருநிலைப்படுத்தவில்லை. 1784 நவம்பரில் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் அது நடந்தது. இன்றும் அச்சபையில் தேடற்குழு ஒன்று அமைந்து, மறைமாவட்டத்தின் நிலையை விவரிக்கும் அறிக்கை எழுதி, பெயர்களைப் பெற்று, நேர்காணல் நடத்தி, சிலரை முன்மொழிகிறது. அவர்கள் பகுதிதோறும் சென்று மக்களின் வினாக்களுக்கு விடையளிப்பர். பின்னர்க் குருக்களும் பொதுநிலையினரும் தனித்தனியே வாக்களிப்பர்; இரு பிரிவிலும் ஒரே சுற்றில் ஒருவரே பெரும்பான்மை பெறும்வரை சுற்றுகள் தொடரும். அதன் பின்னும் ஏனைய மறைமாவட்டங்களின் நிலைக்குழுக்களிலும் பிஷப்புகளிலும் பெரும்பான்மையோர் இசைய வேண்டும். குறைந்தது மூன்று பிஷப்புகள் கைவைத்துத் திருநிலைப்படுத்த வேண்டும் என்பது 325இல் கூடிய நிக்கேயா சங்கத்தின் நான்காம் விதிவரை பின்னோக்கிச் செல்லும் வழக்கு. இவ்வளவு வாக்கெண்ணிக்கை இருந்தும், அவர்கள் இம்முழு நிகழ்வையும் தேர்தல் என்பதினும் ஆவியின் வழிநடத்தலைக் 'கண்டறிதல்' என்றே பேச விரும்புகின்றனர். எனக்குக் கிடைத்த சுற்றறிக்கையின் மொழியும் இந்த மரபின் எதிரொலியே.

5. 'தெரி' என்னும் வினை

அந்தக் 'கண்டறிதல்' தமிழில் எது? ஐக்கிய மொழிபெயர்ப்பு ஆவிகளை வேறுபிரித்து அறியும் வரத்தைப் 'பகுத்தறிதல்' என்றது. அன்று அது நல்ல சொல். ஆனால் சுயமரியாதை இயக்கத்தினர் அச்சொல்லை எடுத்துக்கொண்டு, 1930களில் 'பகுத்தறிவு' என்ற பெயரில் இதழும் நடத்தினர். அதன் பிறகு, தூய ஆவியின் துணையால் பகுத்தறிகிறோம் என எழுதினால் படிப்பவர் புன்னகைப்பார். ஆவியை மறுப்போரிடம் அச்சொல் நிலையாகச் சென்றுவிட்டது. சேசு சபையினர் ஆக்கி வழங்கும் 'தேர்ந்து தெளிதல்' இன்று கத்தோலிக்க எழுத்தில் பரவியுள்ளது. இத்தொடர் திருக்குறளின் ஐம்பத்தோராம் அதிகாரத் தலைப்பான 'தெரிந்து தெளிதல்' என்பதன் சாயல் கொண்டது. அவ்வதிகாரம் அரசன் தனக்கு அமைச்சர் முதலியோரை ஆராய்ந்து கொள்வதைப் பற்றியது; தலைவரைத் தெரிதலுக்கு அண்மையானதுதான்.

'தெரி' என்னும் வினையை ஊன்றி நோக்க வேண்டும். பழந்தமிழில் அதற்கு ஆராய்தல், தெரிந்தெடுத்தல், விளங்குதல் ஆகிய பொருள்கள் ஒருங்கே இருந்தன. தெரிவதும் அறிவதும் ஒரே செயலின் இரு முகங்கள். ஐக்கிய மொழிபெயர்ப்பில் கடவுள் மனிதரைத் தமக்கென எடுத்துக்கொள்வதைக் குறிக்கும் வினை 'தெரிந்துகொள்'. இன்றைய இளைஞர்க்கு 'தெரிந்துகொள்' என்றால் செய்தியை அறிந்துகொள் என்பதே பொருள். 'தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்' என்னும் தொடரை எல்லோராலும் அறியப்பட்டவர்கள் என என் மாணவர் ஒருவர் விளக்கியதுண்டு. மறுபுறம் 'தேர்' என்னும் வினை, அதுவும் ஒருகாலத்தில் ஆராய்ந்து தெளிதலைக் குறித்ததே, தொழிற்பெயராகி வாக்குப்பெட்டிக்குள் அடைபட்டது. ஆக, தற்காலத் தமிழ் ஒன்றாயிருந்ததை இரண்டாக வெட்டிவிட்டது: அறிவு 'தெரி' பக்கம், தெரிவு 'தேர்' பக்கம். இலங்கைத் தமிழ் மட்டும் ஓரளவு பழைய நிலையைக் காக்கிறது. அங்குச் சங்கங்களின் அலுவலர் 'தெரிவு' செய்யப்படுகின்றனர். 'தேர்தல்' பெரும்பாலும் நாட்டாட்சிக்கு உரியது. தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டை அங்கிருந்து கடன் கொள்வதில் இழுக்கில்லை என்பது என் கருத்து.

வாக்குமின்றி நியமனமுமின்றி மூன்றாம் வழி ஒன்றும் உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தபோது அப்போஸ்தலர்கள் இரு பெயரை நிறுத்திச் சீட்டுப் போட்டனர். பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, கூறும் குடவோலை முறை தமிழ்ப் படிப்பாளி எவர்க்கும் உடனே நினைவுக்கு வரும். அங்கும் முதலில் தகுதி வரையறை, பின்பு ஓலை. பேனலும் சினாடும் கொண்ட இருபடி முறையின் உள்ளமைப்பு இதனின்று வெகுதொலைவில் இல்லை. இரண்டாம் படியில் சிறுவனின் கைக்குப் பதில் ஒரு குழு அமர்கிறது.

போசரிச் சுற்றறிக்கைக்குத் திரும்புகிறேன். அதன் மராத்திப் படி என் கைக்குப் பின்னரே வந்தது. அதில் 'பிஷப் நிவட்' என்றிருந்தது. மராத்தியில் 'நிவட்ணே' என்பது அரிசியிலும் பருப்பிலும் கல் பொறுக்கிப் பிரித்தெடுக்கும் வீட்டு வினை. அதிலிருந்து பிறந்த 'நிவட்' தெரிவு. மேலும் ஒரு விகுதி பெற்ற 'நிவட்ணூக்' அரசியல் தேர்தல். ஒரே வேரில் இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் அம்மொழியைக் கண்டு சற்றே பொறாமை கொண்டேன். மூப்பரிடம் இதைச் சொன்னபோது, அவர் மனைவி உள்ளிருந்தே, தமிழிலும் கீரை ஆய்கிறோமே என்றார். ஆய்தல், ஆய்வும் அதிலிருந்தே. 'பேராயர் ஆய்வு' என்று தலைப்பிட இயலாது என்பதை மூவரும் ஒப்புக்கொண்டோம். இறுதியில் அச்சேறிய தாளில் 'பிஷப் தெரிவுக்கான மன்றாட்டு' என்றிருந்தது. பிஷப் என்பதைத் தமிழாக்காமல் விட்டது கத்தோலிக்க நண்பருக்காக.